கடிக்கப் பழகிய பூட்ஸ்

கடையிலிருந்து வந்து மூன்றே நாள் ஆன வலதுகால் பூட்ஸுக்கு, மலைக்கு வந்ததில் ஒரே பெருமை. போட்டோ எடுக்கவென்று அதன் முதலாளி பாதையை விட்டுப் புல்வெளியில் இறங்கினார்.

"ஓய் பூட்ஸ், அங்கேயே நில்லும்!" என்று ஒரு நெட்டைக்காலிக் குருவி புல்லுக்குள்ளிருந்து கத்தியது. "நடக்கத்தான் பாதை இருக்கிறதே! இங்கே தரையில்தான் என் கூடு. உள்ளே மூன்று முட்டை இருக்கிறது."

"நான் என்ன செய்ய? கால் இழுத்த இடத்துக்குப் போவதுதான் என் பிழைப்பு" என்றது பூட்ஸ்.

"இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு உம்மால் ஒன்றுமே முடியாதா?"

பூட்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. புதுத் தோல் அல்லவா? குதிகாலில் நறுக்கென்று ஒரு கடி கடித்தது.

"அம்மா!" என்று முதலாளி நொண்டிக்கொண்டே பாதைக்குத் திரும்பினார். பாதையில் நடந்தவரை பூட்ஸ் பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்த வளைவில் மறுபடி புல்லில் கால் வைத்தார். மறுபடி கடி விழுந்தது.

மூன்றாவது வளைவில் அவர் புல்லைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், பாதையில் நின்றபடியே போட்டோ எடுத்துக்கொண்டார்.

வலதுகால் பூட்ஸ் இடதுகால் பூட்ஸிடம் சலித்துக்கொண்டது: "இப்போதுதான் கடிக்கப் பழகினேன். அதற்குள் இவர் நடக்கப் பழகிவிட்டாரே!"