குருவித் தொட்டி

“தொட்டியைத் தொட்டே, எனக்குக் கெட்ட கோபம் வரும். சொல்லிட்டேன்!”

ஒரு கையில் பிரஷும் மறு கையில் தண்ணீர் வாளியுமாக அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்தின் நடுவே, இடுப்பளவு தூணின் மேல், குருவிகள் குளிக்கும் அந்த அகலமான சிமென்ட் தொட்டி. அதன் விளிம்பை விடாமல் பிடித்திருந்தாள் மகள். கையுறை போட்டிருந்தாள். அவள் காலடியில், செய்தித்தாளில் பொதிந்து ஒரு செத்த குருவி.

“இது மூணாவதும்மா. கண்ணைப் பாரு, வீங்கி மூடியிருக்கு. ஒண்ணுக்கு வந்த நோய் இந்தத் தண்ணியிலதான் மத்ததுக்கும் பரவுது.”

“இந்தத் தண்ணியிலயா? தினம் கொட்டிட்டுப் புதுசா ஊத்தறேன். முகம் பார்க்கலாம், அந்த மாதிரி தேய்க்கிறேன். நோயாம்!”

“நீ தேய்க்கிறது சரிதான். ஆனா நோய்க்குருவி ஒண்ணு வந்து வாயை வெச்சாப் போதுமே. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, கவுத்துப் போட்டு, ரெண்டு வாரம் காயவிடணும். கூட்டம் கலைஞ்சாத்தான் மிச்சம் இருக்கிறது பிழைக்கும்.”

“ரெண்டு வாரமா?” அம்மாவின் குரல் உயர்ந்தது. “முடியவே முடியாது.”

மகளுக்குப் புரியவில்லை. முன்பெல்லாம் அம்மாவுக்குக் குருவி என்றாலே ஆகாது. துணி காயும் கொடியில் ஒன்று வந்து உட்கார்ந்தால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒரு வருடமாகத்தான் இந்தப் பைத்தியம். காலையில் ஊருக்குக் கிளம்புகிறவள் போலத் தலை வாரிக்கொண்டு தொட்டியடிக்கு வந்துவிட்டால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

“விலங்கியல் படிச்சது நீயா, நானா?”

“ஆமாண்டி டீச்சரம்மா! ரெண்டு புஸ்தகத்தைப் புரட்டிட்டு எனக்கே பாத்திரம் கழுவக் கத்துக் குடு!”

மகளின் கைப்பேசி ஒலித்தது. வெளிநாட்டிலிருந்து அண்ணன். வீட்டில் சொல்லாமல் அவன் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தள்ளிப் போய் எடுத்தாள்.

“ஏன் குட்டி, அங்க என்ன தகராறு? அப்போலேருந்து பார்க்கிறேன், நீ மறைச்சுக்கிட்டே நிக்கிறே.”

கூரை ஓரத்துக் கேமரா போன வருடம் அவன் அனுப்பியது. குருவி பார்க்க ஆசை என்று கெஞ்சி, இவளை விட்டு மாட்ட வைத்தான். தோட்டத்து விளக்கு என்று அம்மாவிடம் சமாளித்து வைத்திருந்தாள்.

விஷயத்தைச் சொன்னாள்.

“வேற வழியே இல்லையா? ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தண்ணி வெக்கக் கூடாதா?”

“உனக்கு இது வேடிக்கை அண்ணா. இங்க உயிர் போகுது.”

பட்டென்று வைத்தாள். தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை என்றுதான் பேர். அடம் மட்டும் பேசிவைத்துக்கொண்டது போல் ஒன்றாக இருக்கிறது!

திரும்பினால், அதற்குள் தொட்டி நிறைந்து தளும்பியது.

விளிம்பில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. உடம்பு பந்தாய் உப்பியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. அருகிலேயே அம்மா நின்றும் அது பறக்கவில்லை. தள்ளாடி, அலகைத் தண்ணீரில் வைத்தது. மதில்மேல் வரிசையாகக் காத்திருந்தன மற்றவை. அவற்றுக்கு நடுவே, வாயோரத்து மஞ்சள் இன்னும் மாறாத ஒரு குஞ்சு. முதலில் அதுதான் இறங்கியது.

“அம்மா, விரட்டு! குடிக்க விடாதே!”

அம்மா அசையாமல் நின்றாள். குஞ்சு தொட்டியில் கால் வைத்தது. குனிந்தது.

“சூ! போ! போயிடு!”

அம்மாவின் கையிலிருந்த பிரஷ் பறந்து போய் மதிலில் மோதியது. கூட்டம் மொத்தமும் சிதறியது. மறுநொடி, புடவை நனைய, தொட்டியை அவளே சரித்தாள். மகளும் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாக அதைத் தரையில் கவிழ்த்தார்கள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“காயட்டும். நீ சொல்ற வரைக்கும் காயட்டும்.”

“தேங்க்ஸ்மா. எனக்குத் தெரியும், உனக்குக் குருவின்னா உயிர்.”

அம்மா நிமிர்ந்து கூரை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குருவிக்கு எங்கயாவது தண்ணி கிடைச்சிடும்,” என்றாள். “அவன் என்னை வேற எங்கடி பார்ப்பான்?”