வேர் பிடித்த நாற்று

"வெவசாயம்னா நெல்லு மட்டுமில்லீங்க. மாடு, கோழி, கொளத்து மீனு, தென்னை, எல்லாமே வெவசாயந்தானுங்க," என்று சொல்லிக்கொண்டே கிட்டுச்சாமி சேற்றில் இறங்கினார். நல்லேப்பிள்ளிக்கு வயல் பார்க்க வந்திருந்த முப்பது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னால் இறங்கினார்கள்.

அவர் மனைவி துளசிமணி ஆளுக்கொரு பிடி நாற்று கொடுத்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே நட்டார்கள்.

"இது உங்க வயலா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்கப்பன் காலத்துல இருந்து நாங்க பாடுபடற வயலுங்க."

"எப்போ அறுப்பீங்க?"

"தை கடைசீலங்க."

"அப்போ வந்து அரிசி வாங்கிக்கிறேன்."

கிட்டுச்சாமி தலையாட்டினார்.

வந்தவர்கள் கால் கழுவி, கருப்பட்டிக் காபி குடித்து, பஸ் ஏறினார்கள். பஸ் மறைந்ததும் மேனேஜர் கோபிநாத் வரப்பில் வந்து நின்றான்.

"பதினோரு மணிக்கு ரிசார்ட்டுக்கு அடுத்த பஸ்ஸு வருதுங்ணா. நட்டதையெல்லாம் புடுங்கிக் கட்டி வெச்சிருங்க."

இருவரும் குனிந்தார்கள். வயலை ரிசார்ட்டுக்கு விற்ற நாளிலிருந்து இதுதான் அவர்களுக்கு வேலை. இந்த வாரம் முழுக்க அதே நாற்றுதான். மூலையில், முந்தைய நாட்களில் கண்ணில் படாமல் தப்பிய ஒன்று மட்டும் கையோடு வரவில்லை.

"ஏனுங்க, இது வேர் புடிச்சிருச்சுங்க," என்றாள் துளசிமணி. பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

கிட்டுச்சாமி அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டு கையிலயும் புடிச்சு இழு புள்ள."