நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்

“எனக்கு இந்தப் புதுசெல்லாம் வராதுங்க அம்மணி” என்றாள் ராமாத்தாள், காலை ஆறு மணி ஷிப்டு முடியும் நேரத்தில் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தபடி.

பத்து நாளாக இதே பதில்தான். ஹாரிகாவுக்கு எரிச்சல் வந்தது.

சூலூரில் இருக்கும் அந்த எம்பிராய்டரி கம்பெனியின் எட்டு கம்ப்யூட்டரிலும் பழைய சிஸ்டத்தோடு புதிதாக லினக்ஸையும் ஏற்றியவள் அவள்தான். வேலைக்கு நடுவே ஆளுக்கு இருபது டிசைன் புதியதில் போட்டுப் பழக வேண்டும். போடாதவர்களுக்குத் திங்கள்கிழமை முதல் நூல் வெட்டும் மேசைக்கு மாற்றம். முதலாளி ஸ்ரீனிவாஸின் உத்தரவு. இன்று சனிக்கிழமை.

“உங்க நாலாம் நம்பர்லதான் ரெண்டாவது ஷிப்டுல சுரேந்தரண்ணன் உக்கார்றாரு. அவரு இருபதும் முடிச்சுட்டாருங்க. உங்க பேருல ஒண்ணுகூட இல்ல.”

“அவன் கெட்டிக்காரனுங்க.”

“கெட்டிக்காரத்தனம் இல்லீங்கக்கா, மனசு வேணும். நான் சார்கிட்ட உள்ளதத்தான் சொல்லுவேன். பொய் சொல்ல எனக்கு வராது.”

“சொல்லிப்போடுங்க.”

கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்த சிஸ்டம் முதலில் எழ வேண்டும் என்ற பட்டியல் அதற்குள்ளேயே இருக்கும். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் வரிசையை மாற்றலாம். ஒன்றை அடியோடு நீக்கவும் செய்யலாம். மற்ற ஏழிலும் ஹாரிகா பழசை நீக்கிவிட்டாள். நாலாம் நம்பர்தான் பாக்கி.

இதிலும் புதுசைத்தான் முதலில் வைத்திருந்தாள். ஆனால் காலை ஒன்பதுக்கு அவள் வரும்போதெல்லாம் பழசுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது புதியதை எழுப்பினாள். முன்பு தட்டிய வரியை மறுபடி எடுக்க மேல் அம்பை அழுத்தினாள். வந்தது அவள் தட்டிய வரி அல்ல. ‘அடுத்து ஒரு தடவை போடும்போது மட்டும் பழசு’ என்று சொல்லும் வரி.

தட்டிய வரிகளின் பதிவைத் திறந்தாள். பத்து நாளும் அதே வரி. பத்து நாளும் காலை எட்டு ஐம்பதுக்கு.

சுரேந்தரின் டிசைன்களைப் பார்த்தாள். இருபதும் காலை ஆறுக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவே போட்டவை. சுரேந்தர் ஷிப்டுக்கு வருவது மத்தியானம் இரண்டு மணிக்கு.

“அக்கா, இந்த வரிய யாருங்க தட்டினது?”

ராமாத்தாள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். “நீங்க தட்டறப்போ பாத்து வெச்சுக்கிட்டேனுங்க. பாஸ்வேர்டும் சேத்துத்தான்.”

“டிசைனு?”

“அதுவும் நாந்தானுங்க.”

“அப்புறம் எதுக்குங்க அவரு பேருல?”

“ரெண்டு பேருக்கும் போட நேரம் பத்தலீங்க.” குரலைத் தாழ்த்தினாள். “சுரேந்தருக்குச் சர்க்கரை கண்ணுல எறங்கிருச்சு. பழசுல எது எங்க இருக்குதுன்னு அவன் வெரலுக்கே தெரியும், ஓட்டிக்கறான். புதுசு ஒரே மூட்டமா இருக்குதுங்கறான். ஆசுபத்திரில ஊசி போடறாங்க. இன்னும் ரெண்டு வாரத்துல தெளிஞ்சுருமாமுங்க.”

“அதுக்காக நீங்க நூல் வெட்டப் போறீங்களா?”

“நூல் வெட்டறதுக்கும் கண்ணு வேணுமுங்களே அம்மணி. அவனை எங்க கொண்டுபோயி உக்கார வெப்பாங்க?”

ஹாரிகா மறுபடி விசைப்பலகையில் கை வைத்தாள்.

மணி இரண்டடித்தது. சுரேந்தர் சுவரை ஒட்டியே நடந்து வந்தான். இரண்டடி தூரத்தில் நின்று, “யாரு, ஹாரிகாங்களா?” என்றான்.

அவன் பின்னாலேயே முதலாளி வந்தார். “ஏம்மா, நாலாம் நம்பர்ல பழசை எடுத்தாச்சா?”

ஹாரிகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“இல்லீங்க சார். இதுல மட்டும் போக மாட்டேங்குது. ரெண்டு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் பழசு தெரிஞ்ச இவங்க ரெண்டு பேரும் இங்கியே இருக்கணுமுங்க.”

“ஒரு வரி தட்டினாப் போதும்னு நீதானம்மா சொன்ன?”

“ஆமாங்க சார்” என்றாள் ஹாரிகா, ராமாத்தாளைப் பார்க்காமல். “எனக்கும் வரலீங்க.”