மதில் தாண்டிய பாட்டில்

பீர் ஆலைக்கும் மதுக்கடைக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். ஆலைப் பக்கம், மதிலோரம் இருந்த பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் தலையை நீட்டியது.

"அண்ணே, கடையில ஃப்ரிட்ஜ் உறுமுற சத்தம் இங்கேயே கேக்குது. யாராவது என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சா போதுமே!"

மதிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெதுவாப் பேசு தம்பி! அதுக்குப் பேரு கடத்தல். முதல்ல நீ மாவட்டக் கிடங்குக்குப் போகணும், ஸ்டிக்கர் ஒட்டிக்கணும், அப்புறம்தான் கடைக்கு வரலாம். சட்டம்!"

பாட்டில் லாரியேறி நூற்றிருபது கிலோமீட்டர் போனது. கிடங்கு வாசலில் நான்கு நாள் வெயிலில் காய்ந்தது. கழுத்தில் ஸ்டிக்கரோடு அதே நூற்றிருபது கிலோமீட்டர் திரும்பி, கடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு மணி நேரம்கூடக் குளிர்ந்திருக்காது; ஒருவர் அதை வாங்கி, மதிலில் சாய்ந்தபடி குடித்து முடித்து, காலி பாட்டிலைத் தலைக்கு மேலே வீசினார்.

அது ஆலைப் பக்கம், முன்பு தன் பெட்டி இருந்த இடத்தில் கிடந்த வைக்கோலில் பொத்தென்று விழுந்தது.

"அண்ணே, வந்துட்டேன்!" என்று சிரித்தது பாட்டில். "இப்ப எந்தக் கிடங்குக்குப் போகணும்?"

"எங்கேயும் வேண்டாம் தம்பி. உள்ளே ஒண்ணும் இல்லாதவங்களைச் சட்டம் கண்டுக்கிறதில்ல."