காவல் வேலை

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சடையன் என்ற நாய்க்குச் சும்மா படுத்தே கால் மரத்துப்போனது. “கடல் தாண்டி ஒரு காட்டுல காவல் வேலை. தினமும் கறிச்சோறு” என்று நரி சொன்னதும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டது.

போய் இறங்கினால், அங்கே நாய்களுக்குள்ளேயே சண்டை. நரி ஒரு புதரைக் காட்டி, “எதிராளியோட குட்டிங்க உள்ள இருக்கு. ஒண்ணு விடாம கடிச்சுப் போடு” என்றது.

சடையன் மோந்து பார்த்தது. பால் வாசனை. ஊர் திரும்பும் வழி நரிக்கு மட்டும்தான் தெரியும். நரியை விட்டால் வழியில்லை என்பது சடையனுக்கும் தெரியும். இருந்தும் நேராகப் போய்ப் புதருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டது.

“அங்க நின்னு என்ன பண்றே?”

நரிமேல் வைத்த கண்ணை எடுக்காமல் சடையன் உறுமியது. “காவல் வேலைன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க.”