மதிய அமைதி நேரத்தில் ஒரு ஸ்பானர்

லோத்தார் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது. குற்றம் எதுவும் கண்ணில் படாமல் மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். அதனால் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை, யாராவது சத்தம் போடுகிறார்களா என்று ஜன்னலோரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஜெர்மனியில், எங்கள் செல்லே நகரில் அந்த இரண்டு மணி நேரம் சத்தம் போடக் கூடாது என்பது விதி; தெரு நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும்.

வியாழக்கிழமை ஒன்றேகால் மணிக்கு எதிர்வீட்டு கேரேஜிலிருந்து 'டிங்' என்று ஓர் இரும்புச் சத்தம் கேட்டது. லோத்தார் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தபடி எட்டிப் பார்த்தார்.

உள்ளே இருந்தது எதிர்வீட்டு வில்ஃப்ரீட் இல்லை. சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கும் நேரம் அது. அவர் மனைவி ரோஸ்விதா, சமையல் ஏப்ரனோடு கணவரின் நாற்பது வயது மோட்டார் சைக்கிள் மேல் குனிந்து, ஹேண்டில்பாருக்கு நடுவில் இருக்கும் பெரிய நட்டை ஸ்பானர் போட்டுத் தளர்த்திக்கொண்டிருந்தாள். அரைச் சுற்று. இன்னும் ஓர் அரைச் சுற்று. பிறகு கைரேகையைக்கூட விடாமல் துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

லோத்தார் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

வில்ஃப்ரீட் அந்த வண்டியின் முன்பக்கத்தை மட்டும் ஒன்பது வருஷமாகப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் புது ஸ்பிரிங், புது ஆயில் சீல், ஹேண்டில் தண்டுக்குப் புது கோன் செட். வரும் ஞாயிறு, பாதிரியார் மோட்டார் சைக்கிள்களை ஆசீர்வதிக்கும் நாள். "இந்த வருஷம் ஓட்டியே தீருவேன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த நட் தளர்ந்த வண்டி வேகம் பிடித்தால் ஹேண்டில் பேயாட்டம் ஆடும். ஆள் பிழைக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை, ரொட்டிக் கடையில் ரோஸ்விதாவை மடக்கினார்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்காரர் வண்டி எடுக்கறாராமே?"

"எடுக்கட்டுமே! எனக்கு அதுல ஒரு கவலையும் இல்ல" என்று சிரித்தாள். உடம்பில், துக்க வீட்டுக்குப் போட்டுப் போவது போல, புதுக் கறுப்புக் கோட்டு வேறு.

முப்பது வருஷ சர்வீஸில் இப்படியொரு நெஞ்சழுத்தக்காரியை லோத்தார் பார்த்ததில்லை. உண்மையில் அந்த முப்பது வருஷமும் அவர் பார்த்தது சைக்கிள் திருடர்களைத்தான்.

சனிக்கிழமை காலை கேரேஜுக்கு ஓடினார். வில்ஃப்ரீட் ரேடியோவைப் பாடவிட்டு, காபிக் கோப்பையும் கையுமாக ராஜா மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"யோவ், முன்சக்கரத்தத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்க ஆட்டிப் பாரு."

வில்ஃப்ரீட் ஆட்டினார். 'டொக் டொக்' என்றது.

"பாத்தியா? நீ முடுக்கின நட்டு தானா லூசாகுமா? எல்லாம் உன் பொண்டாட்டி வேல. என் ரெண்டு கண்ணால பாத்தேன். உன்னக் கொல்லப் பாக்கறாய்யா!" என்று போலீசுக்கு அடிக்க போனை எடுத்தார்.

வில்ஃப்ரீட் பதறிப்போய் கிரீஸ் கையால் போனைப் பொத்தினார்.

"மெதுவா பேசித் தொலை. அவ காதுல விழுந்துடப் போகுது."

"பயப்படாத, நான் இருக்கேன்."

"கொலையாவது ஒண்ணாவது! ஆட்டிப் பாக்காம நான் வண்டிய வெளிய எடுக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியாதா? என் முதுகு வலிக்கு அரை மணி நேரம் ஓட்டினா பெருசு. இந்த வேலை முடிஞ்சிட்டா மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குள்ள அவ கண்ணு முன்னாடியே உக்காந்திருப்பேனே, அந்தப் பயம்தான் அவளுக்கு. ஒன்பது வருஷமா கழட்டறா."

லோத்தார் போனைப் பைக்குள் போட்டார். "எல்லாம் தெரிஞ்சுமா நீ சும்மா இருக்க?" என்றார்.

"யாரு சும்மா இருக்கறது? அவளுக்கு மணிக்கட்டு வலி. சிரமப்படாமக் கழட்டட்டுமேன்னு ஒவ்வொரு தடவையும் நான்தான் நட்ட லேசா முடுக்கி வெக்கறேன்!"