ஜெசிந்தா மேடத்தின் அரியர்

காலநிலைப் படிப்பில் விடைத்தாளை வாத்தியார்கள் திருத்துகிற வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. எழுதிக் கொடுத்த கணிப்பு பலிக்கிறதா என்று அந்தத் தேதிவரை காத்திருந்து பார்ப்பார்கள், பலித்தால்தான் பாஸ். அதனால் பேராசிரியை ஜெசிந்தா முப்பது வருடமாகத் தற்காலிக டாக்டர் பட்டத்தோடுதான் தூத்துக்குடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முப்பதாம் வருடம் ஆடிப் பௌர்ணமியன்று கடல் கல்லூரி கேன்டீன் படியை நனைக்கும் என்பது அவருடைய கணிப்பு.

அந்தப் பௌர்ணமியும் வந்தது. தேர்வாளராக வந்தவன் அவருடைய பழைய மாணவன் சுடலைமணி. அலை ஏறி முடித்ததும் டேப்பைப் பிடித்து அளந்தான். கடல் பதினோரு அடி தள்ளியே நின்றுவிட்டது. அலையை மறித்தபடி கரை நெடுக, வருடாவருடம் அவருடைய மாணவர்கள் நட்ட அலையாத்திக் காடு அடர்ந்து கிடந்தது.

"மேடம், பெயிலு" என்றான் தலையைச் சொறிந்தபடி. "எல்லாம் நாங்க செஞ்ச வேலைதான்."

ஜெசிந்தா கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். தன் அறைப் பெயர்ப்பலகையிலிருந்து 'டாக்டர்' என்பதை மட்டும் தானே பெயர்த்தெடுத்தார். பிறகு மறுதேர்வுத் தாளைக் கேட்டு வாங்கி, இன்னும் முப்பது வருடத்தில் கடல் இதே படியை நனைக்கும் என்று எழுதினார்.

சுடலைமணி எட்டிப் பார்த்தான். "திரும்பவும் அதையேவா எழுதுதீய?"

"பின்ன? உன் பிள்ளைகளும் என்னைப் பெயிலாக்கணும்லா!"